பாலைவனத் தூசி கூடினால் உயர மேகங்கள் கூடுமா, குறையுமா?

வான்நோக்கி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மேகம் உருவாக ஒரு துகள் வேண்டும், அதைச் சுற்றித்தான் நீர் சேரும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் பாலைவனத் தூசி மேலே போகப் போக மேகம் கூடத்தானே வேண்டும்? ஆனால் எட்டு, பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சிரஸ் எனப்படும் கீற்று மேகங்களைப் பற்றித் தேடினால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. தூசி வந்தால் கீற்று மேகம் மெலியும் என்கிறது ஒரு கட்டுரை. தூசிப் புயலுக்குப் பின்னால் வானம் முழுக்கத் தடிமனான கீற்று மேகம் மூடிக்கொண்டது என்கிறது இன்னொன்று. இரண்டுமே தரமான ஆய்விதழ்களில் வந்தவை. எதை நம்புவது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

படிகமணி எழுதியது:

வான்நோக்கி, இரண்டையும் நம்பலாம். தாழ்வான மேகங்களுக்குப் பழகிய கணக்கை அப்படியே மேலே கொண்டுபோவதால்தான் முரண்பாடு போலத் தெரிகிறது.

கீழே துகள் கூடினால் துளி கூடும், அது சரி. மேலே, ஏறத்தாழ மைனஸ் 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, தூசியே இல்லாவிட்டாலும் பனிப்படிகம் உருவாகும். அந்த உயரத்துக் காற்றில் கந்தக அமிலமும் நீரும் கலந்த மிக நுண்ணிய துளிகள் மிதந்துகொண்டே இருக்கின்றன, ஒரு கன சென்டிமீட்டரில் நூற்றுக்கணக்கில். காற்று மேலே ஏறுகிறது, குளிர்கிறது, பனிக்கட்டியைப் பொறுத்த ஈரப்பதம் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. 110 ஆகிறது, 120 ஆகிறது, ஒன்றும் நடப்பதில்லை. இந்தத் துளிகள் தாமாக உறைய 140, 150 சதவீதம் வேண்டும், குளிர் இன்னும் கடுமையானால் அதற்கும் மேலே வேண்டும். துளிக்குள் கரைந்திருப்பது எந்த உப்பு, எந்த அமிலம் என்பதைவிட அதிலிருக்கும் நீரின் செயல்திறன்தான் (கரைசலில் நீர் எவ்வளவு கட்டுப்படாமல் இருக்கிறது என்ற அளவு) இந்த எல்லையைத் தீர்மானிக்கிறது என்று தாமஸ் கூப்பும் உடன் ஆய்வாளர்களும் 2000-ல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். எல்லையைத் தொட்டதும் சில நிமிடங்களுக்குள் ஏராளமான துளிகள் படிகமாகின்றன. விளைவு, நிறைய சிறு படிகங்கள்.

இப்போது அதே காற்றில் தூசி கொஞ்சம் இருக்கிறது என்று வையுங்கள். லிட்டருக்குச் சில பத்துத் துகள்கள் போதும். கனிமத் தூசியின் மேற்பரப்பில் 110 முதல் 130 சதவீதத்திலேயே பனி பிடித்துக்கொள்ளும். பந்திக்கு முந்துகிற கதைதான். முதலில் உட்கார்ந்த சில படிகங்கள் நீராவியை இழுத்து இழுத்து வளர்கின்றன. காற்று ஏறுவதால் கூடும் ஈரப்பதத்தை அவை அதே வேகத்தில் உறிஞ்சிவிட்டால், 140 என்ற எல்லை வரவே வராது. லட்சக்கணக்கான அமிலத் துளிகள் உறையாமலேயே இருந்துவிடும். மிஞ்சுவது குறைவான, பெரிய படிகங்கள். 50 மைக்ரான் படிகம் நொடிக்குப் பத்து சென்டிமீட்டருக்குள்தான் இறங்கும். சில நூறு மைக்ரான் வளர்ந்தது அரை மீட்டர் வரைகூட இறங்கும். ஆக, மேகம் சீக்கிரம் கரைந்து மெலிகிறது. உங்கள் முதல் கட்டுரை சொல்வது இது.

இரண்டாவதற்கு வருவோம். ஈரப்பதம் 120 வரைக்கும்தான் வந்து நின்றுவிடும் காற்று ஏராளம் உண்டு. தூசி இல்லாவிட்டால் அங்கே மேகமே இல்லை, வெறும் நீல வானம். தூசி இருந்தால் மேகம் உண்டு. எனவே தூசி எவ்வளவு என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. காற்று எவ்வளவு வேகமாக ஏறுகிறது, தூசி இல்லாதபோது அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும், இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மணல்வழி எழுதியது:

நல்ல விளக்கம் படிகமணி. தூசி அவ்வளவு உயரம் எப்படிப் போகிறது என்பதை நான் சேர்க்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

தூசியைக் கீழே இழுப்பது புவியீர்ப்புதான் என்று நினைக்கிறோம். பெரிய துகளுக்கு அது உண்மை. 20 மைக்ரான் விட்டமுள்ள தூசித்துகள் அசையாத காற்றில் ஒரு நாளைக்கு இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். 2 மைக்ரான் துகளோ ஒரு நாளில் 30 மீட்டர்கூட இறங்காது. விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. அதனால் நுண்தூசி ஒருமுறை மேலே போய்விட்டால் வாரக்கணக்கில் சுற்றும். 2007 மே மாதம் டக்லமகான் பாலைவனத்தில் கிளம்பிய தூசி சுமார் 13 நாளில் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றிவந்ததைச் செயற்கைக்கோள் லேசர் பதிவுகளை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். அது பயணம் செய்தது எட்டு முதல் பத்து கிலோமீட்டர் உயரத்தில், அதாவது கீற்று மேகங்களின் வீட்டுக்குள்ளேயே.

உலகத்தின் தூசியில் பாதி வட ஆப்பிரிக்காவில் கிளம்புகிறது. சாட் நாட்டின் போடேலே பள்ளம் ஒன்றே பெரிய ஊற்று. பழைய பேரேரி வற்றிய படுகை அது. ஆனால் கிளம்பும் அளவு ஒன்று, மேலே போய்ச் சேரும் அளவு வேறு. புயல் மேகத்தோடு மேலே ஏறும்போது தூசியில் பெரும்பங்கு மழையோடு கழுவப்பட்டுக் கீழே வந்துவிடும். மத்திய ஆசியப் பாலைவனங்கள் கிளப்பும் தூசி சகாராவைவிடக் குறைவு. இருந்தும் உயர் வளிமண்டலத்தில் அவற்றின் பங்கு விகிதத்துக்கு மீறி அதிகம். 2016 முதல் 2018 வரை நாசாவின் டிசி-8 விமானம் பசிபிக்கின் வழியாகவும் அட்லாண்டிக்கின் வழியாகவும் துருவத்துக்குத் துருவம் ஏறி இறங்கி எடுத்த அளவீடுகளை ஆராய்ந்து கார்ல் ஃப்ராய்டின் குழு 2022-ல் சொன்னது இதைத்தான். வெப்பமண்டலத்துக்கு வெளியே, வடக்கு அரைக்கோளத்தில் கீற்று மேகங்களில் முக்கால்வாசிக்கும் மேல் தூசியால் தொடங்குகின்றன என்பது அவர்கள் முடிவு.

வான்நோக்கி எழுதியது:

படிகமணி, மணல்வழி, இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். அமிலத் துளி கன சென்டிமீட்டருக்கு நூற்றுக்கணக்கில், தூசி லிட்டருக்குச் சில பத்து. அதாவது ஒரு தூசிக்குப் பத்தாயிரம் துளிகள்போல. இப்படி அரிதான ஒன்றுதான் மேகத்தைத் தொடங்குகிறது என்பதை எப்படி நிரூபிக்கிறார்கள்? விமானம் பறக்கும்போது எந்தத் துகள்மேல் எந்தப் படிகம் வளர்ந்தது என்று பார்க்க முடியுமா?

லேசர்க்கண் எழுதியது:

முடியும், அதற்கான கருவி அழகான யோசனை. விமானத்துக்கு வெளியே நீட்டிய ஒரு குழாய். அதன் வாயிலிருந்து உலர்ந்த வாயுவை வெளிப்பக்கமாக ஊதிக்கொண்டே இருப்பார்கள். நுண்துகளும் அமிலத் துளியும் கனம் குறைந்தவை, அந்த எதிர்க்காற்றில் தள்ளப்பட்டு ஒதுங்கிவிடும். பனிப்படிகம் கனமானது, உந்தத்தோடு காற்றைக் கிழித்து உள்ளே வந்துவிடும். உள்ளே சூடான குழாயில் பனி ஆவியாகிப் போகும். நடுவில் இருந்த துகள் மட்டும் தனியாக நிற்கும். அதை ஒவ்வொன்றாக வெற்றிடத்துக்குள் இழுத்து, ஒரு லேசர் அடி. துகள் சிதறி அயனிகளாகும். அந்த அயனிகளின் நிறையைப் பார்த்தால் சிலிக்கான், அலுமினியம், பொட்டாசியம், இரும்பு என்று வரிசையாகத் தெரியும். இந்தக் கூட்டு தெரிந்தால் அது கனிமத் தூசி. சோடியமும் குளோரினும் தூக்கலாக இருந்தால் கடல் உப்பு. கந்தகம் மட்டும் என்றால் தானாக உறைந்த துளி.

டேனியல் சிச்சோவின் குழு 2002 முதல் 2011 வரை வட, மத்திய அமெரிக்க வானில் நடந்த பறப்புகளின் தரவை இப்படி அலசி 2013-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. படிகங்களின் நடுவே கிடைத்தவற்றில் 61 சதவீதம் கனிமத் தூசியும் உலோகத் துகளும். புகைக்கரியும் உயிரித் துகளும் ஏறக்குறைய இல்லவே இல்லை. சுற்றியிருந்த காற்றிலோ தூசி மிகச் சிறுபான்மை. சிறுபான்மைத் துகள் படிகத்துக்குள் பெரும்பான்மையாக இருப்பதுதான் இங்கே சாட்சி.

இதற்கெல்லாம் முன்பே இன்னொரு தடயம் உண்டு. 2000-ல் ஒரே கருவிகளை வைத்து சிலியின் தென்முனையில் இருக்கும் புந்தா அரெனாஸிலிருந்தும் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலிருந்தும் பறந்தார்கள். தூசியும் மாசும் குறைந்த தெற்கில் மேகம் உருவாகுமுன் ஈரப்பதம் தானாக உறையும் எல்லைவரை ஏறியது. வடக்கில் அதற்குக் கணிசமாகக் கீழேயே நின்றுவிட்டது. தூசியை நேரடியாகப் பார்க்காமலே, ஈரப்பதம் எங்கே நிற்கிறது என்பதை வைத்து இரண்டு அரைக்கோளங்களையும் பிரித்துக் காட்டிய வேலை அது. எனக்கு 61 சதவீதத்தைவிட இதுதான் வலுவான சான்று.

மறுகேள்வி எழுதியது:

நண்பர்களே, இழை ஒரே பக்கமாகச் சாய்கிறது. சில விஷயங்களை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்று, அந்தக் குழாய். நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் பனிப்படிகம் உலோகச் சுவரில் மோதினால் படிகமும் உடையும், சுவரும் தேயும். அந்த உலோகத் துகளும் கணக்கில் வரும். ஆய்வாளர்களுக்கு இது தெரியும், திருத்தமும் செய்கிறார்கள். ஆனாலும் "தூசியும் உலோகமும்" என்று சேர்த்துச் சொல்லும் எண்ணை அப்படியே தூசி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது, படிகங்களின் தலைகளை எண்ணுவது. தூசியால் தொடங்கிய மேகத்தில் படிகம் குறைவு, தானாக உறைந்ததில் அதிகம். தூசி மேகம் பரவலாகவும் நீண்ட நேரமும் இருந்தால் விமானம் அதைத்தான் அடிக்கடி சந்திக்கும். மலையலை மேகம்போலச் சட்டென்று தோன்றி மறையும் மேகத்தில் நுழைய வாய்ப்புக் குறைவு.

அதைவிடப் பெரியது ஏறுவேகம். நொடிக்குச் சில சென்டிமீட்டர் ஏறும் காற்றில் தூசி வெல்லும், ஒப்புக்கொள்கிறேன். வளிமண்டலம் அவ்வளவு சாதுவானதில்லை. மலைகளும் புயல்களும் எழுப்பும் ஈர்ப்பலைகள் (காற்று மேலும் கீழும் அசையும் அலைகள், விண்வெளி ஈர்ப்பலை அல்ல) நொடிக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று தூக்கிவிடும். அந்த வேகத்தில் லிட்டருக்குச் சில பத்துத் தூசிப் படிகங்களால் நீராவியை உறிஞ்சி முடிக்க இயலாது. எல்லை தாண்டும், துளிகள் உறையும். தூசி இருந்ததா இல்லையா என்ற தடமே இருக்காது.

அப்புறம், இடியேறு மேகத்தின் உச்சியிலிருந்து விரியும் தட்டையான உயர மேகத்தை ஒருவரும் பேசவில்லை. உயர மேகத்தில் கணிசமான பங்கு அது. அதன் படிகங்கள் கீழே, நீர்த்துளிகளாக இருந்தபோதே உறைந்தவை. அங்கே தூசியின் வேலையே வேறு.

படிகமணி எழுதியது:

மறுகேள்வி, இடியேறு மேகத்தைப் பற்றிச் சொன்னது முக்கியம். அங்கே தூசி துளிக்குள் மூழ்கியபடி, சுமார் மைனஸ் 15-லிருந்து மைனஸ் 38 வரையான இடைவெளியில் வேலை செய்கிறது. தூசியிலும் எல்லாக் கனிமமும் சமமில்லை. களிமண் கனிமங்கள் பெரும்பங்கு, ஆனால் பனியைத் தொடங்குவதில் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிமம்தான் முன்னணி. இதை 2013-ல் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு காட்டியது. அது ஏன் என்பதை நுண்ணோக்கியில் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு அடங்குவதில்லை. ஃபெல்ட்ஸ்பாரின் வழுவழுப்பான முகத்தில் பனி பிடிப்பதில்லை. விரிசல், படிக்கட்டுபோன்ற உடைவு, பள்ளம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிறு அறுகோணம் முளைக்கிறது. பனியை உருக்கி மறுபடி குளிர்வித்தால் அதே விரிசலில் மறுபடி முளைக்கிறது. பக்கத்தில் முளைத்த படிகங்களும் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. அந்த உடைவில் வெளிப்படும் படிக முகத்தின் அமைப்பு பனிக்குத் தோதாக இருப்பதுதான் காரணம் என்று 2017-ல் அலெக்ஸை கிசெலெவின் குழு விளக்கியது. ஒரு துகளில் அப்படி ஒரே ஒரு இடம் இருந்தால்கூடப் போதும்.

கீற்று மேக உயரத்தில் கதை சற்று மாறுகிறது. தூசியின் மேற்பரப்பில் இருக்கும் நானோமீட்டர் அளவுத் துளைகளில், ஈரப்பதம் நீருக்கான நிறைவை எட்டுமுன்பே நீர் ஒடுங்கி நிற்கும். வெளியே திரவ நீரே இருக்க முடியாத நிலையிலும் துளைக்குள் நிற்கும். மைனஸ் 38-க்குக் கீழே அது உறைந்து, துளையிலிருந்து வெளியே பனி வளர ஆரம்பிக்கும். நேரடியாக நீராவியிலிருந்து பனி படிகிறது என்று முன்பு நினைத்ததில் பெரும்பகுதி இந்தத் துளை உறைதல்தான் என்ற கிளவுடியா மார்கோலியின் வாதத்தை நான் ஏற்கிறேன்.

ஏறுவேகம் பற்றிய உங்கள் வாதத்தையும் மறுக்கவில்லை. ஆனால் ஈர்ப்பலை மேலே மட்டும் தூக்குவதில்லை, இறக்கியும் விடுகிறது. ஒரு அலையின் முதல் ஏற்றத்திலேயே தூசி உறைந்துவிட்டால், அடுத்த ஏற்றம் வரும்போது அந்தப் படிகங்கள் வளர்ந்து பெரிதாகக் காத்திருக்கும். இரண்டாவது ஏற்றம் அவற்றை மீறி எல்லையைத் தொடுவது கடினம்.

சூரியத்தகடு எழுதியது:

நான் சூரிய மின்சார முன்கணிப்பு வேலையில் இருக்கிறேன். எங்கள் துறைக்கு இந்த விவாதம் நேரடிப் பிரச்சினை. சகாரா தூசி ஐரோப்பாவுக்கு மேல் வரும் நாட்களில் வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரி "மேகமற்ற வானம்" என்று சொல்லும். நிஜத்தில் காலையிலிருந்து பால் ஊற்றியதுபோல் ஒரு மேகத் திரை. மின் உற்பத்தி கணித்ததைவிடக் கீழே போய்விடும். 2022 மார்ச் நடுவில் ஸ்பெயினின் வானம் ஆரஞ்சு நிறமானது பலருக்கு நினைவிருக்கும். அதே தூசி வடக்கே ஜெர்மனி மேல் போனபோது இதுதான் நடந்தது.

ஆக்செல் சைஃபர்ட் முதலானோர் 2023-ல் இதைப் பற்றி எழுதினார்கள். "தூசிக் கீற்று மேகம்" என்றே தனி வகையாகப் பேசுகிறார்கள். சூரியனைத் தூசி மறைப்பதால் மட்டும் வரும் இழப்பு இல்லை இது. தூசியை மாதிரியில் நுழைத்து, அதன் மேல் பனி உருவாகட்டும் என்று விட்டாலும் அந்தத் தடிமனான மேகம் வரவில்லை. அது எதனால்?

படிகமணி எழுதியது:

சூரியத்தகடு, மேலே நான் சொன்ன இரு வகையிலும் அடங்காத மூன்றாவது நிலை அது. புயலின் வெதுவெதுப்பான காற்றோட்டம் தூசியை ஈரத்தோடு சேர்த்தே மேலே கொண்டுபோகிறது. அங்கே லிட்டருக்குச் சில பத்து என்ற கணக்கெல்லாம் போய், ஆயிரக்கணக்கில் துகள்கள். பத்து துகள் இருக்கும் இடத்தில் போட்டியில் வென்று படிகம் பெரிதாகும். பல்லாயிரம் துகள் இருந்தால் தூசிகளே ஒன்றோடொன்று போட்டியிட்டு எல்லாப் படிகமும் சிறியதாக நிற்கும். விழவும் மாட்டா, கரையவும் மாட்டா.

அதோடு ஒரு வெப்பச் சுழற்சியும் சேர்கிறது. தூசியும் பனியும் நிறைந்த அடுக்கின் உச்சி அகச்சிவப்புக் கதிரை விண்வெளிக்கு வீசிக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கீழே அமுங்க, அடியில் இருப்பது மேலே வர, அடுக்குக்குள்ளேயே கலக்கம் உண்டாகிறது. ஒவ்வொரு சிறு ஏற்றமும் புதிய படிகங்களை உண்டாக்குகிறது. சாதாரண முன்கணிப்பு மாதிரியின் கட்டங்கள் பல கிலோமீட்டர் அகலம், இந்தக் கலக்கம் அதற்குள் மறைந்துவிடும். கட்டத்துக்குள் மறையும் கலக்கத்துக்கென்று தனியாக ஒரு கணக்கை மாதிரியில் சேர்த்தபோதுதான் மேகம் வந்தது.

நீலவானம் எழுதியது:

வாசித்துக்கொண்டே வந்தேன். கீற்று மேகம் பெரும்பாலும் பூமியைச் சூடாக்குகிறது, சூரிய ஒளியை உள்ளே விட்டுப் பூமியின் வெப்பத்தைத் தடுத்துவிடுகிறது என்கிறார்கள். தூசி அதை மெலிய வைக்கும் என்றால், வேண்டுமென்றே துகள் தூவிக் கீற்று மேகங்களைக் கரைத்துப் பூமியைக் குளிர்விக்கலாமே? 2009-ல் மிட்செல், ஃபின்னகன் என்ற இருவர் இப்படி முன்மொழிந்ததாகப் படித்தேன்.

மறுகேள்வி எழுதியது:

முன்மொழிந்தது உண்மை, பிஸ்மத் ட்ரைஅயோடைடு தூவலாம் என்றார்கள். ஆனால் அந்த யோசனைக்கு அடிப்படை, இயற்கையில் கீற்று மேகம் பெரும்பாலும் தானாக உறைந்து உருவாகிறது என்ற அனுமானம். மேலே மணல்வழியும் லேசர்க்கண்ணும் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். வடக்கு அரைக்கோளத்தில் பாலைவனங்கள் ஏற்கெனவே தூவிக்கொண்டுதான் இருக்கின்றன. தூசி முன்பே செய்து முடித்த வேலையை நாம் இன்னொரு முறை செய்ய முடியாது.

கொஞ்சம் கூடிப்போனால் விளைவு தலைகீழ். மேகமே இல்லாத இடத்தில் மேகத்தை உண்டாக்குவோம், அது பூமியைச் சூடாக்கும். கஸ்பரினியும் உல்ரிக்கே லோமானும் 2016-ல் கணக்கிட்டுப் பார்த்து, இந்த வழியில் குறிப்பிடத்தக்க குளிர்ச்சி கிடைக்காது என்றே எழுதினார்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. எவ்வளவு தூவினால் எந்தப் பக்கம் சாயும் என்பது ஏறுவேகத்தைப் பொறுத்து இடத்துக்கு இடம், மணிக்கு மணி மாறும்போது, முழு வானத்தையும் வைத்துச் சோதிப்பது பொறுப்பில்லாத செயல்.

மணல்வழி எழுதியது:

இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தூசியின் அளவே நிலையானதில்லை. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் வளிமண்டலத் தூசி பாதிக்கும் மேல் கூடியிருக்கிறது என்று 2023-ல் ஜாஸ்பர் கோக் தலைமையிலான குழு மதிப்பிட்டது. பல காலநிலை மாதிரிகளில் இந்த உயர்வு பதிவாகவே இல்லை. அதாவது வடக்கு வானின் கீற்று மேகங்கள் நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு வேறு மாதிரி உறைந்திருக்கக் கூடும். நிலத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம், ஏரிகளை எப்படி வற்றவிடுகிறோம் என்பதற்கும் பத்து கிலோமீட்டர் உயரத்து மேகத்துக்கும் தொடர்பு இருக்கிறது. இதை இன்னும் அதிகம் பேர் பேச வேண்டும்.

வான்நோக்கி எழுதியது:

கடைசியாக ஒன்று, லேசர்க்கண். செயற்கைக்கோளிலிருந்தே தூசியையும் பனிப்படிகத்தையும் பிரித்துப் பார்க்க முடிந்தால் விமானம் நுழையாத மேகங்களையும் எண்ணலாமே? மறுகேள்வி எழுப்பிய அந்தச் சிக்கலும் தீருமே?

லேசர்க்கண் எழுதியது:

ஓரளவு முடியும். லேசர் ஒளியை ஒரே தளத்தில் அதிரும்படி அனுப்புவார்கள். உருண்டையான நீர்த்துளி அதே தளத்தில் திருப்பி அனுப்பும். கோணல்மாணலான துகள் தளத்தைத் திருப்பிவிடும். சிக்கல் என்னவென்றால் தூசியும் திருப்பும், பனியும் திருப்பும். தளம் மாறிய ஒளிக்கும் மாறாத ஒளிக்கும் உள்ள விகிதம் தூய தூசிக்கு 0.3 பக்கம், பனிக்கு 0.4, அதற்கு மேல். மேகத்துக்கு வெளியே தூசி அடுக்கு தனியாக இருந்தால் தெளிவாகத் தெரியும். மேகத்துக்குள் பனியின் எதிரொளி மிக வலுவானது, லிட்டருக்குப் பத்து தூசித் துகள் அதில் மூழ்கிவிடும். அதனால் மேகத்தின் ஓரத்தில், அது உருவாகப் போகும் காற்றில், தூசி எவ்வளவு என்று அளந்து, உள்ளே படிகம் எத்தனை என்பதோடு ஒப்பிடுகிறார்கள்.

காலிப்சோ என்ற செயற்கைக்கோள் 2006 முதல் 2023 வரை இந்த வேலையைச் செய்தது. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோள் ஒரே மேடையில் லேசரையும் மேக ரேடாரையும் வைத்திருக்கிறது, ரேடார் படிகம் விழும் வேகத்தையும் சொல்லும். பெரிய படிகம் வேகமாக விழும் என்பதைத்தான் மேலே படிகமணி எழுதியிருந்தார். பக்கத்துக் காற்றில் தூசி இருக்கும் மேகத்திலும் இல்லாத மேகத்திலும் விழும் வேகம் வேறுபடுகிறதா என்று இனி நேரடியாகவே பார்க்கலாம். ரேடாருக்கு மிக நுண்ணிய படிகங்கள் தெரியாது, மெல்லிய கீற்று மேகங்களுக்கு லேசரைத்தான் நம்ப வேண்டும். தரவு பொதுவில் கிடைக்கிறது. மார்ச் முதல் மே வரை மத்திய ஆசியாவிலிருந்து பசிபிக்குக்குப் போகும் பாதையை முதலில் எடுத்துப் பாருங்கள், தூசி அடுக்கும் கீற்று மேகமும் ஒரே படத்தில் கிடைக்கும்.